ஈயம் தங்கமானதை யார் பார்த்தது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை வந்த பதில்களில் பாதி வேறு எதற்கோ பதில் சொல்கின்றன. உங்கள் குடும்பத்துக்குத் தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை இருக்கிறது. ஜெனீவாவில் ஈயத்தைத் தங்கமாக மாற்றிவிட்டார்கள் என்று 2025-இல் வந்த செய்தி திரும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "அந்தத் தங்கத்தை யாராவது உரைகல்லில் உரசினார்களா, தராசில் வைத்தார்களா? இல்லையென்றால் எதை வைத்துத் தங்கம் என்கிறார்கள்?" என்பது உங்கள் முதல் கேள்வி. கூடவே, இதில் வியாபாரம் உண்டா என்றும், பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எப்படித் தெரியும் என்ற அந்த முதல் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். செய்தி எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டியது அது.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். வாயு நிரப்பிய துகள் டிடெக்டர்களில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து, சில வருடங்கள் அந்த வேலையிலேயே இருந்துவிட்டு, இப்போது மதுரையில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது, அதன் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை நானே கையால் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குவார்க் (புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் இன்னும் சின்னத் துகள்) பற்றிய கோட்பாட்டுக் கணக்குகள் வேறு ஆட்கள் செய்தவை, அவற்றைப் படித்துப் புரிந்துகொண்ட அளவில்தான் பேசுவேன்.

நேரடிப் பதில்: அந்தத் தங்கத்தை யாரும் பார்க்கவில்லை. அது உண்டான இடத்திலிருந்து கொஞ்ச தூரம் போவதற்குள், சுமார் ஒரு மைக்ரோ நொடிக்குள், துகள்கள் ஓடும் குழாயின் சுவரிலோ, பீமை (அதாவது துகள் கற்றையை) ஒழுங்குபடுத்தும் கருவிகளிலோ மோதிச் சிதறிவிடுகிறது. பார்த்தது ஈயத்தின் அணுக்கருவிலிருந்து வெளியே வந்த மூன்று புரோட்டான்களை. ஈயத்தில் 82 புரோட்டான், தங்கத்தில் 79. மூன்று வெளியே வந்தால் உள்ளே 79 மிச்சம். இதுதான் ஆதாரம், முழுக்க முழுக்க ஒரு கழித்தல் கணக்கு. இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

உங்கள் தொழிலிலேயே இதற்கு நெருங்கிய ஒன்று இருக்கிறது. ஹால்மார்க் சென்டரில் எக்ஸ்.ஆர்.எஃப். மிஷினில் நகையை வைத்தால் அது உரசவும் இல்லை, உருக்கவும் இல்லை, எத்தனை சதவீதம் தங்கம் என்று சொல்லிவிடுகிறது. அந்த மிஷினும் தங்கத்தைப் "பார்ப்பதில்லை". எக்ஸ் கதிரை உள்ளே அனுப்புகிறது, அணுக்கள் திருப்பி அனுப்பும் எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கிறது. தங்கம் என்றால் 9.71 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (எலக்ட்ரான்வோல்ட் என்பது அணு அளவிலான ஆற்றலுக்கு அலகு) ஒரு கோடு வரும், ஈயம் என்றால் 10.55-இல் வரும். அந்த ஆற்றலை நிர்ணயிப்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான் எண்ணிக்கை. 1913-இல் மோஸ்லி கண்டுபிடித்த விதி அது. ஆக, மஞ்சள் நிறமோ எடையோ மாற்றோ எல்லாம் விளைவுகள்தான், 79 என்ற எண்தான் தங்கம். அந்த எண்ணை நம்பகமாக எண்ணிவிட்டால் தங்கம் என்று சொல்ல உரிமை உண்டு. ஜெனீவாவில் நேரடியாக எண்ண முடியாததால் கழிந்ததை எண்ணினார்கள்.

சரி, மூன்று புரோட்டான் எப்படி வெளியே வந்தது? இங்கேதான் செய்திகள் பெரும்பாலும் தவறாக எழுதின. இரண்டு ஈயக் கருக்கள் மோதி உடைந்து தங்கம் வந்தது என்று எழுதினார்கள். மோதவே இல்லை. ஒன்றை ஒன்று உரசாமல் பக்கத்தில் கடந்து போனபோது நடந்தது அது.

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. என்ற துகள் வேகமூட்டும் இயந்திரம் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். வருடத்தில் பெரும்பகுதி அதில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள், சில வாரங்கள் மட்டும் ஈயக் கருக்கள். ஈயம்-208 (82 புரோட்டானும் 126 நியூட்ரானும் சேர்ந்து 208) என்ற ஒரே வகை ஈயத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, எலக்ட்ரான்களை உரித்து, படிப்படியாக நான்கு சிறிய இயந்திரங்கள் வழியாக வேகமேற்றி வளையத்துக்குள் விடுகிறார்கள். அங்கே அந்தக் கருவின் வேகம் ஒளியின் வேகத்தில் 99.999993 சதவீதம். 82 புரோட்டான்களின் மின்புலம் அந்த வேகத்தில் முன்பின்னாக நசுங்கி, பக்கவாட்டில் மட்டும் பரந்த ஒரு மெல்லிய தகடாகிவிடுகிறது. எதிரே வரும் கருவுக்கு அது ஒரு நொடித்துளி மின்னல் வெட்டாக, அதாவது மிக அதிக ஆற்றலுள்ள ஒளித்துகள்களின் கற்றையாகப் படுகிறது. அந்த ஒளித்துகளை விழுங்கிய கரு மொத்தமாக அதிர்ந்து, சில நியூட்ரான்களையும், சில சமயம் ஒன்றிரண்டோ மூன்றோ புரோட்டான்களையும் உதிர்த்துவிடுகிறது. ஒரு புரோட்டான் போனால் தாலியம், இரண்டு போனால் பாதரசம், மூன்று போனால் தங்கம். எண்ணிக்கையும் அந்த வரிசையில்தான் குறைகிறது, தங்கத்தைவிடத் தாலியமும் பாதரசமும் அதிகம் உண்டாகின்றன. செய்தித்தாளுக்கு அது தலைப்பாகவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் பதிலில் திருப்பூவணத்துப் பொன்னனையாள் கதையைச் சொல்லி, சித்தர்கள் இதை அப்போதே செய்தார்கள் என்று எழுதியிருந்தார். திருப்பூவணம் நமக்குப் பக்கத்து ஊர், அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நானும். அது பக்திக் கதை, அதன் அழகு அதில் இருக்கிறது. ஆனால் அடுப்பு நெருப்பால் அணுக்கரு மாறாது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் இதைச் சொல்லிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டறையில் பொன் உருகும் வெப்பத்தில் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஈயக் கருவிலிருந்து ஒரே ஒரு நியூட்ரானைப் பிடுங்க 70 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும். எந்த மூலிகையும் எந்தப் புடமும் அந்த இடைவெளியைத் தாண்டாது. இயந்திரத்தால் முடியும், அதுவும் புதிதல்ல. 1980-ஐ ஒட்டியே பெர்க்லியில் கிளென் சீபோர்க் உள்ளிட்டவர்கள் பிஸ்மத்தைத் தங்கமாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது எண்ணும் கருவிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. எல்.எச்.சி.யில் உள்ள நான்கு பெரிய சோதனைகளில் கனமான கருக்களுக்காகவே கட்டப்பட்டது ஆலிஸ். பத்தாயிரம் டன் எடை. ஆனால் இந்தத் தங்க விஷயத்தில் அந்தப் பிரம்மாண்டத்துக்கு அதிக வேலை இல்லை. வேலை செய்தது மோதல் புள்ளியிலிருந்து இரு பக்கமும் 112.5 மீட்டர் தள்ளி, பீம் குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிகள். பூச்சியக் கோண கலோரிமீட்டர் என்று பெயர், உள்ளே விழும் துகளின் ஆற்றலை அளப்பவை. நியூட்ரானைப் பிடிக்கும் பெட்டியின் குறுக்களவு சுமார் 7 சென்டிமீட்டர், நீளம் ஒரு மீட்டர், அவ்வளவுதான். உள்ளே கனமான டங்ஸ்டன் கலவை, அதன் ஊடே நெருக்கமாக ஓடும் குவார்ட்ஸ் இழைகள். கருவிலிருந்து உதிர்ந்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தம் அதை வளைக்காது, நேராகப் போய் இந்தப் பெட்டியில் விழுகிறது. புரோட்டான் காந்தத்தில் வளையும், ஆனால் ஈயக் கருவைவிட அதிகமாக வளையும், அதனால் அதற்கென்று கொஞ்சம் தள்ளி பித்தளையால் செய்த இன்னொரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே விழுந்த துகள் உலோகத்தில் மோதி நூற்றுக்கணக்கான துகள்களாகச் சிதற, அவை குவார்ட்ஸ் இழைக்குள் அதிவேகமாகப் பாயும்போது செரன்கோவ் ஒளி என்ற ஒரு மினுக்கம் கிளம்புகிறது. அந்த ஒளியின் அளவுதான் நமக்குக் கிடைக்கும் எண்.

இதில் நம்பிக்கை தரும் விஷயம் என்னவென்றால், உதிர்ந்து வரும் ஒவ்வொரு நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே ஆற்றலோடு, அதாவது பீமின் வேகத்தோடு, சுமார் 2.51 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் (டெரா என்றால் ஒரு லட்சம் கோடி) வருகிறது. அதனால் அளந்த ஆற்றல்களை வரைபடமாகப் போட்டால் 2.51-இல் ஒரு முகடு, அதன் இரட்டிப்பில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று என்று படிப்படியாக நிற்கும். முதல் முகடு ஒரு நியூட்ரான், அடுத்தது இரண்டு. தராசுக்கு வெளியிலிருந்து எடைக்கல் கொண்டுவர வேண்டியதில்லை, அளக்கும் சரக்கிலேயே படிக்கல் இருக்கிறது. புரோட்டான் பெட்டியிலும் இதே மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று முகடுகள். முழு எண்களாக வருவதால்தான் நாங்கள் "அளந்தோம்" என்பதைவிட "எண்ணினோம்" என்று தைரியமாகச் சொல்கிறோம். சேதாரம் இல்லாத எண்ணிக்கை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். புரோட்டான்கள் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் விழுவதில்லை, வழியில் காந்தங்களும் குழாய்ச் சுவரும் சிலவற்றைத் தட்டிவிடும், அந்த இழப்பைக் கணினி உருவகத்தால் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்.

ஆகவே எது உறுதி, எது தளர்வு என்று பிரித்துச் சொல்கிறேன். பக்கத்தில் கடந்து போகும்போது மூன்று புரோட்டான்கள் உதிரும் நிகழ்வு இருக்கிறது என்பது உறுதி. எவ்வளவு அடிக்கடி என்பதில் தளர்வு இருக்கிறது: ஆலிஸ் சொன்ன மதிப்பு சுமார் 6.8 பார்ன், பிழை வீச்சு 2.2 பார்ன், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. (பார்ன் என்பது ஒரு நிகழ்வு நடப்பதற்கான குறுக்குப் பரப்பின் அலகு. ஒப்பிட, இரண்டு ஈயக் கருக்கள் நிஜமாகவே மோதிக்கொள்வதற்கான மதிப்பு சுமார் 7.7 பார்ன். ஆக, நிஜ மோதல் எவ்வளவு அடிக்கடியோ, கிட்டத்தட்ட அதே அளவுக்கு மோதாமலே தங்கம் வருகிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது நான் அசந்துபோனேன்.) அடுத்து, மூன்று தனிப் புரோட்டான்களைப் பிடித்தால் மிச்சம் 79 என்பது, அதே நேரத்தில் ஆல்பா (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒட்டிய துண்டு) மாதிரி மின்னூட்டமுள்ள வேறு துண்டு எதுவும் கண்ணில் படாமல் போகவில்லை என்று எடுத்துக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் சரியான அனுமானம், ஆனாலும் அனுமானம்தான். மூன்றாவதாக, அது உங்கள் பட்டறைத் தங்கமா என்றால், பெரும்பாலும் இல்லை என்றுதான் நான் சொல்வேன். இயற்கையில் நிலையாக இருக்கும் தங்கம் ஒன்றே ஒன்று, தங்கம்-197, அதில் 118 நியூட்ரான். ஈயம்-208இல் 126 நியூட்ரான் இருக்கிறது. மூன்று புரோட்டானோடு சரியாக எட்டு நியூட்ரானும் உதிர்ந்தால்தான் நிலையான தங்கம். மற்றவை வேறு எண்ணிக்கை நியூட்ரானோடு இருக்கும் கதிரியக்கத் தங்கம், சுவரில் மோதாமல் இருந்தாலும் காலப்போக்கில் பாதரசமாகவோ பிளாட்டினமாகவோ சிதைந்துவிடும்.

வியாபாரக் கேள்விக்கு இங்கேயே கணக்கு போட்டுவிடலாம். 2015 முதல் 2018 வரையான ஓட்டத்தில் நான்கு சோதனைகளிலும் சேர்த்து உண்டானது சுமார் 8,600 கோடி தங்கக் கருக்கள். எடை 29 பிகோகிராம், அதாவது ஒரு கிராமை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்து அதில் 29 பங்கு. ஒரு பவுன் 8 கிராம். அதே வேகத்தில் போனால் ஒரு பவுன் சேர ஒரு லட்சம் கோடி வருடத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருடம்தான். இப்போது இயந்திரம் முன்பைவிடத் தீவிரமாக ஓடுகிறது, ஆலிஸ் இருக்கும் இடத்தில் மட்டும் உச்சத்தில் நொடிக்குச் சுமார் 89,000 தங்கக் கருக்கள் என்கிறார்கள். அப்போதும் கணக்கு பெரிதாக மாறாது. தங்கம் விலை இறங்குமா என்று யாராவது கடைக்கு வந்து கேட்டால் தயங்காமல் இல்லை என்று சொல்லுங்கள்.

பிறகு எதற்கு இதை அளந்தார்கள்? இயந்திரத்துக்காக. 79 மின்னூட்டமுள்ள கரு, 82-க்கென்று வைத்த காந்தத்தில் வேறு பாதையில் வளைந்து சுவரில் போய் இடிக்கும். எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்துக்கொண்ட ஈயமும், நியூட்ரான் உதிர்த்த ஈயமும் அப்படித்தான். வளையத்தின் காந்தங்கள் திரவ ஹீலியத்தில் 1.9 கெல்வினில் மீகடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல், இருப்பவை, ஒரே இடத்தில் தொடர்ந்து அடி விழுந்தால் சூடேறி மீகடத்தும் நிலை போய்விடும். பீம் எங்கே, எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த இயந்திரத்தை வடிவமைக்க முடியும். தங்கம் என்பது அந்த இழப்புக் கணக்கில் ஒரு வரி.

எனக்கு இந்தச் செய்தியில் உள்ள மனக்குறையே இதுதான். மோதாமல் போனதில் உதிர்ந்த தங்கத்தை ஊரெல்லாம் பேசியது, நேருக்கு நேர் மோதும்போது என்ன நடக்கிறது என்பதை, அதாவது அந்த இயந்திரத்தில் ஈயத்தை விடுவதன் முழு நோக்கத்தையே, யாரும் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட "எப்படித் தெரியும்" அங்கேதான் இன்னும் கடினமாகிறது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நேருக்கு நேர் மோதினால் கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, அவற்றுக்குள் அடைபட்டிருந்த குவார்க்குகளும், குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான்களும் சேர்ந்து ஒரு துளியாகின்றன. பெருவெடிப்புக்குப் பின் சில மைக்ரோ நொடிகள் பிரபஞ்சம் முழுக்க அந்தப் பொருளாகத்தான் இருந்தது என்று நம்புகிறோம். அந்த உருகல் சுமார் 1.8 லட்சம் கோடி கெல்வினில் நடக்கிறது, சூரியனின் மையத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் சூடு. துளியின் அளவு ஓர் அணுக்கருவின் அளவு, ஆயுள் ஒளி அந்தக் கருவைக் கடக்கும் நேரத்தின் அளவு. அது விரிந்து குளிர்ந்து மறுபடி சாதாரணத் துகள்களாக உறைந்துவிடும். ஒரே மோதலில் இருபதாயிரத்துக்கும் மேல் மின்னூட்டத் துகள்கள் வெளியே பாயும். டிடெக்டருக்கு வந்து சேர்வது இப்படி வெளியே வருபவைதான், துளி அல்ல.

அவற்றைப் பிடிக்க ஆலிஸின் நடுவில் ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் விட்டத்தில் ஓர் உருளை இருக்கிறது. டி.பி.சி. என்று சொல்வோம். உள்ளே 90 கன மீட்டர் வாயு, பெரும்பகுதி நியான், கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடும் நைட்ரஜனும். நடுவில் ஒரு மெல்லிய திரையில் ஒரு லட்சம் வோல்ட். துகள் வாயுவைக் கிழித்துக்கொண்டு போகும் வழியெல்லாம் எலக்ட்ரான்களை உதிர்க்கும், அவை மின்புலத்தில் சீரான வேகத்தில் நகர்ந்து இரு முனைத் தட்டுகளுக்கும் போய்ச் சேரும். எந்த இடத்தில் விழுந்தது என்பது இரண்டு பரிமாணத்தைத் தருகிறது, எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்பது மூன்றாவதைத் தருகிறது. கடைசி எலக்ட்ரான் வந்துசேர 90 மைக்ரோ நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் அடுத்தடுத்த மோதல்கள் நடந்துவிடும், எல்லாத் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், அதைப் பிரிப்பது மென்பொருளின் வேலை. வாயு டிடெக்டரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வாயுவில் ஆக்ஸிஜன் துளி கூடினாலும், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் நகரும் வேகமும் பெருக்கமும் மாறிவிடும். அதனால் அந்தப் பெரிய உருளை முழுக்க வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரிக்குள் சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அளவீட்டின் நேர்மை இந்த மாதிரிச் சலிப்பான வேலைகளில்தான் இருக்கிறது.

தடம் கிடைத்துவிட்டது. காந்தப்புலத்தில் அது வளைந்த அளவு உந்தத்தைத் தரும். ஆனால் அது எந்தத் துகள்? வாயுவில் எவ்வளவு எலக்ட்ரானை உதிர்த்தது என்பது ஒரு துப்பு. இன்னொன்று நேரம். டி.பி.சி.க்கு வெளியே, மையத்திலிருந்து 3.7 மீட்டர் தள்ளி, மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளிகளில் வாயு நிரப்பிய டிடெக்டர்கள் இருக்கின்றன. ஒரே உந்தம், ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தைக் கடக்க பையானுக்கு 12.5 நானோ நொடி, கேயானுக்கு 13.8, புரோட்டானுக்கு 16.9 (பையானும் கேயானும் புரோட்டானைவிட லேசான துகள்கள்). டிடெக்டர் ஒரு நானோ நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே பெயரைச் சொன்னால்தான் அந்தத் துகளுக்கு அந்தப் பெயர்.

துளி இருந்தது என்பதற்கு ஆதாரம் என்ன? பலமானவை என்று நான் நினைக்கும் இரண்டை மட்டும் சொல்கிறேன். கருக்கள் கொஞ்சம் விலகி மோதினால் ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதி வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். துகள்கள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் எல்லாத் திசையிலும் சமமாக வந்திருக்கும். ஆனால் நீள்வட்டத்தின் குறுகிய பக்கத்து வழியாக அதிகம் வருகின்றன, அழுத்தம் அந்தப் பக்கம் அதிகம் என்பதால். அழுத்தம் என்று ஒன்று இருந்தால் அது கூட்டாக ஓடும் பொருள். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் தங்கக் கருக்களையே மோதவிட்ட ரிக் இயந்திரம் 2000-இல் தொடங்கியது, 2005-இல் அதன் நான்கு சோதனைகளும் சேர்ந்து, எதிர்பார்த்தது வாயு மாதிரியான ஒன்றை, கிடைத்தது கிட்டத்தட்டப் பிசுபிசுப்பே இல்லாத திரவம் என்று அறிவித்தன.

இரண்டாவது, ஜோடியாக எதிரெதிர்த் திசையில் கிளம்பும் அதிவேகக் குவார்க்குகள். துளியின் விளிம்பில் ஜோடி பிறந்தால் ஒன்று தப்பி வரும், மற்றது துளிக்குள் புகுந்து ஆற்றலை இழந்து தேய்ந்துபோகும். ரிக்கில் அப்படித்தான் காணாமல் போனது. உடனே எழுந்த சந்தேகம், இது துளியால் வந்ததா அல்லது தங்கக் கருவின் தொடக்க அமைப்பே அப்படியா என்பது. அதைத் தீர்க்க 2003-இல் தங்கத்தோடு சின்ன டியூட்டிரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் உள்ள கரு) மோதவிட்டார்கள். துளி உண்டாகாது என்று நினைத்த அந்த மோதலில் இரண்டாவது குவார்க் பத்திரமாக வந்துசேர்ந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தங்களுக்குச் சாதகமான முடிவைத் தாங்களே உடைத்துப் பார்க்க முயன்று, அது உடையவில்லை.

இங்கும் தளர்வுகள் உண்டு. ஐந்து லட்சம் கோடி டிகிரி என்று கின்னஸ் வரை போன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். துளியிலிருந்து வரும் ஒளித்துகள்களின் ஆற்றலை வைத்துக் கிடைத்தது அது. துளி நம்மை நோக்கி விரிந்து வருவதால் ஒளி நீலம் பக்கம் நகரும், அதாவது ஆற்றல் கூடுதலாகத் தெரியும், அதோடு அது துளியின் ஆயுள் முழுக்கச் சேர்ந்த சராசரி, தொடக்க வெப்பம் என்ன என்பதற்கு மாதிரிக் கணக்கு வேண்டும். உருகும் எல்லையைத் தாண்டியது என்பதில் சந்தேகமில்லை, எவ்வளவு தாண்டியது என்பதில்தான் விவாதம். அப்புறம், 2010 முதல் வெறும் புரோட்டான்-புரோட்டான் மோதலிலும் நிறையத் துகள்கள் வரும் நிகழ்வுகளில் அதே கூட்டு ஓட்டத்தின் சாயல் தெரிகிறது. 2017-இல் ஆலிஸ், விந்தைக் குவார்க் (ஸ்ட்ரேஞ்ச் என்ற ஒரு வகைக் குவார்க்) உள்ள துகள்கள் அங்கேயும் கூடுவதைக் காட்டியது. அவ்வளவு சின்ன இடத்தில் துளி உண்டாகுமா, அல்லது வேறு காரணமா என்பது இன்னும் முடியாத வழக்கு. உருகல் சில நிலைகளில் தண்ணீர் கொதிப்பது மாதிரி சட்டென்று நடக்குமா, அதற்கு ஓர் எல்லைப் புள்ளி உண்டா என்பதும் அப்படித்தான். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் கட்டப்பட்டுவரும் ஃபேர் ஆய்வகம் அதைத் தேடுவதற்காகவும்தான், இந்தியா அதில் பங்குதாரர்.

நம் ஆட்கள் இதில் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஆலிஸின் மியூவான் (எலக்ட்ரான் மாதிரியே, ஆனால் கனமான துகள்) டிடெக்டரில் சிக்னலைப் படித்த மானஸ் என்ற சிப், கொல்கத்தா சாஹா நிறுவனத்தில் வடிவமைத்து சண்டிகர் பக்கம் தயாரானது. ஒளித்துகள்களை எண்ணும் டிடெக்டர் ஒன்று கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தின் தலைமையில் இந்தியக் குழுக்களே கட்டியது. மதுரையிலேயே, தேனிப் பக்கம் பொட்டிப்புரத்தில் வருவதாக இருந்து வழக்கில் நிற்கும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கான சின்ன மாதிரி ஒன்று 2018 முதல் இயங்கியது: 85 டன் காந்தமாக்கிய இரும்பு, நடுநடுவே பத்து அடுக்குக் கண்ணாடித் தகடு டிடெக்டர். ஆலிஸில் நேரம் அளக்கும் கண்ணாடி டிடெக்டரும் இதுவும் ஒரே குடும்பம். அந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடும் வாயுவில் பெரும்பகுதி, கார் ஏ.சி.யில் போடும் அதே ஆர்-134ஏ.

படிப்பு விஷயம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருந்தால் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வும், புவனேஸ்வர் நைசருக்கான நெஸ்ட் தேர்வும் எழுதலாம். அது கிடைக்கவில்லை என்றால் வாய்ப்பு போய்விட்டதாக நினைக்க வேண்டாம்; இங்கேயே ஒரு நல்ல கல்லூரியில் பி.எஸ்.சி. இயற்பியல் முடித்து, ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்.சி.க்குப் பெரிய நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் நிரல் எழுதவும், எலக்ட்ரானிக்ஸில் சால்டரிங் இரும்பைப் பயமில்லாமல் பிடிக்கவும் இப்போதே பழகட்டும், பட்டறை வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது சுலபமாக வரும். செர்ன் தன் தரவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் யாரும் இறக்கிப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கிறது, ஆலிஸின் பள்ளி மாணவர் பயிற்சியும் அதில் உண்டு. மோதல் படத்தைத் திரையில் சுழற்றிப் பார்த்து, ஒரு புள்ளியிலிருந்து வி வடிவில் பிரியும் இரண்டு தடங்களைக் கண்டுபிடித்து, அவை எந்தத் துகள் சிதைந்ததால் வந்தவை என்று அவளே கணக்கிடலாம். வீட்டுக் கம்ப்யூட்டர் போதும். செய்து பார்த்துவிட்டு எங்காவது முட்டினால் இதே இடத்தில் எழுதச் சொல்லுங்கள், பார்த்ததும் பதில் போடுகிறேன்.